பாங்காக் போவது மீட்டிங்குக்கா, டூருக்கா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெளிநாட்டில் டீலர் மீட், கம்பெனி மாநாடு, கண்காட்சி என்று போகிறவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பாங்காக்தான். எதிர்பார்த்ததுதான். கம்பெனிகளுக்குக் கூட்டம் நடத்திக் கொடுப்பதே என் பிழைப்பு என்பதால், புத்தகத்தில் இருப்பதைவிட அடிபட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை.

எங்கள் பம்ப் கம்பெனி 180 டீலர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய்க் கூட்டம் வைக்கப்போகிறது. எம்டி சிங்கப்பூர் என்கிறார். சேல்ஸ் ஆட்கள் ஒரே குரலில் பாங்காக் என்கிறார்கள். அவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியும். அதை விட்டால் வேறு காரணம் உண்டா?
நிர்வாகப் பிரிவு ஊழியர், கோவை

உண்டு. நம் ஊரில் பாங்காக் என்றாலே ஒரு கண்ணடிப்பு வந்துவிடுகிறது, ஆனால் அது கூட்டம் போட்டே பழகின ஊர். ஐ.நா.வின் ஆசியப் பிராந்திய அலுவலகம் 1949இலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஆசியான் அமைப்பு 1967 ஆகஸ்ட் 8 அன்று கையெழுத்தானதும் அங்கேதான். 1991 அக்டோபரில் உலக வங்கியும் சர்வதேச நிதியமும் ஆண்டுக் கூட்டத்தை அங்கே வைக்க முடிவானபோது அவ்வளவு பெரிய மண்டபம் ஊரில் கிடையாது, அதற்காகவே ஒன்றைக் கட்டினார்கள், அதுதான் ராணி சிரிகிட் தேசிய மாநாட்டு மையம். கல்யாணத்துக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், இது கல்யாணத்துக்காக வீடே கட்டின கதை. 2019இல் அதை மூடிப் பலமடங்கு பெரிதாக்கி 2022 செப்டம்பரில் திறந்தார்கள், இரண்டே மாதத்தில் ஏபெக் என்கிற பசிபிக் கரை நாடுகள் கூட்டமைப்பின் தலைவர்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். உலக வங்கியின் 2026 அக்டோபர் கூட்டத்துக்கும் பாங்காக்தான் தேர்வானது. கூட்டங்களையும் கண்காட்சிகளையும் நாட்டுக்குள் இழுத்து வருவதற்கென்றே 2002இல் அரசு ஒரு பணியகம் வைத்தது, தொழிலில் அதை டிசெப் என்போம், பெரிய குழுவாகப் போனால் அவர்களிடம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம், விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனையைச் சீக்கிரம் முடித்துவிட உதவி செய்வார்கள்.

இதையெல்லாம் உங்கள் எம்டியிடம் சொல்லுங்கள். அவர் கேட்கப்போவது பணம் பற்றித்தான், அதற்கும் பதில் இருக்கிறது: ஒரே தரத்து ஓட்டலுக்கு சிங்கப்பூரில் ஒரு ராத்திரிக்குக் கொடுப்பதில் பாங்காக்கில் கிட்டத்தட்ட இரண்டு ராத்திரி தங்கலாம் என்பது என் அனுபவக் கணக்கு. ஆனால் அறுபது பேர், இரண்டு நாள், கடுமையான பயிற்சி வகுப்பு என்றால் நானே சிங்கப்பூரைத்தான் சொல்வேன், அங்கே எதுவும் இருபது நிமிடத்தில் வந்துவிடும். பாங்காக்கில் அப்படி வராது. அது அடுத்த கேள்வி.

எந்த மண்டபம், எந்த ஓட்டல் என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? டிராவல்ஸ்காரர் ஆற்றங்கரை ஓட்டல் ஒன்றின் படம் அனுப்பியிருக்கிறார். சொர்க்கம் மாதிரி இருக்கிறது.
பெயிண்ட் விநியோகஸ்தர், மதுரை

படத்தில் சாலை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாது.

ஒரு கதை சொல்கிறேன். பல வருடம் முன்னால், எனக்கு பாங்காக் புதிது. 140 பேர், பகல் கூட்டம் அசோக் சந்திப்புப் பக்கம் ஒரு ஓட்டலில், ராத்திரிச் சாப்பாடு சாவ் பிரயா ஆற்றில் படகில். படகு ஏழரைக்கு. வெள்ளிக்கிழமை, போதாததற்கு மழை. நாலு பஸ்ஸில் ஏற்றி ஐந்தே முக்காலுக்குக் கிளப்பிவிட்டேன், எட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் விட்டிருக்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. முதல் சிக்னலில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் எண் இறங்கிக்கொண்டே வருகிறது, பூச்சியம் ஆகிறது, பச்சை விழுகிறது, பஸ் ஓர் அங்குலம் நகரவில்லை, மறுபடியும் சிவப்பு. அப்படி நாலு முறை. பஸ்ஸுக்குள் முதலில் அந்தாக்ஷரி பாடினார்கள், அப்புறம் கம்பெனியைத் திட்டினார்கள், அப்புறம் என்னை. மூன்றாவது பஸ்ஸில் இருந்த டீலர் ஒருவர், வேட்டி கட்டிய பெரியவர், இங்கிலீஷும் அவ்வளவாக வராது, டிரைவரிடம் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கிவிட்டார். காணாமல் போய்விட்டார் என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது அவர் தலைக்கு மேலே ஓடிய ரயிலில் ஏறி, சியாம் நிலையத்தில் மாறி, சபான் தக்சினில் இறங்கி, எங்கள் முதல் பஸ் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது இளநீர் குடித்துக்கொண்டு நின்றார். படகு இரண்டு பஸ் ஆட்களோடு போய்விட்டது. மிச்சம் பேருக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பீட்சாக் கடையில் சாப்பாடு போட்டேன். அந்தக் கம்பெனி அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து நான் முதலில் ரயில் நிலையத்தைத்தான் பார்ப்பேன், மண்டபத்தை அப்புறம். மேலே ஓடும் பிடிஎஸ் 1999 டிசம்பரில் வந்தது, தரைக்கு அடியில் ஓடும் எம்ஆர்டி 2004இல். இந்த இரண்டும் சந்திக்கிற இடங்கள்தான் நமக்குத் தங்கம். அசோக் அப்படி ஓர் இடம், மேலே பிடிஎஸ்ஸின் அசோக், கீழே எம்ஆர்டியின் சுகும்விட், அங்கிருந்து ஒரே ஸ்டேஷனில் சிரிகிட் மையம், நிலையத்திலிருந்தே உள்ளே போய்விடலாம், மழை ஒரு சொட்டு படாது. சிலோம் பக்கமும் அப்படித்தான், பிடிஎஸ்ஸின் சாலா டேங்கும் எம்ஆர்டியின் சிலோமும் பக்கத்துப் பக்கத்தில். பைடெக் மண்டபம் ஊரின் தென்கிழக்கே பாங் நாவில் இருக்கிறது, அதற்கும் பிடிஎஸ் நிலையத்திலிருந்து நடைபாலம் உண்டு. இம்பாக்ட் கண்காட்சி மையம் இருக்கிறதே, அது உண்மையில் பாங்காக்கே இல்லை, பக்கத்து மாகாணமான நொந்தபுரி, 1998 ஆசிய விளையாட்டின்போது எழுந்த வளாகம், பிரம்மாண்டம். 2025இல்தான் பிங்க் ரயில் பாதையின் கிளை ஒன்று உள்ளே வரை போனது, அதற்கு முன்னால் அங்கே போவது ஒரு நாள் வேலை.

நீங்கள் 150, 200 பேர் என்றால் இந்தப் பெரிய மண்டபம் எதுவும் வேண்டாம், ஓட்டல் பால்ரூம் போதும். பிடிஎஸ் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கிற ஓட்டலாகப் பிடியுங்கள், ராத்திரிச் சாப்பாட்டையும் நடந்து போகிற தூரத்தில் வையுங்கள். ஆறு பார்த்தே தீரவேண்டும் என்றால் கடைசி நாள் மதியம் கூட்டிப்போங்கள். இல்லை, ஆற்றங்கரை ஓட்டலேதான் வேண்டும் என்றால் கூட்டம், சாப்பாடு, தூக்கம் மூன்றும் அங்கேயே என்று வைத்துவிட்டு வெளியே கிளம்பாதீர்கள், அதுவும் ஒரு வழிதான், டீலர்கள் ஒத்துக்கொண்டால்.

ஓட்டல் அனுப்பிய விலைப்பட்டியலில் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறார்கள். பிரிண்டிங் தப்பா?
கணக்குப் பிரிவு, திருச்சி

தப்பில்லை, அந்த இரண்டு கூட்டலில்தான் உங்கள் பட்ஜெட் ஓட்டை விழும். பிளஸ் பிளஸ் என்பார்கள். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம், இரண்டாவது அதற்கும் மேல் 7 சதவீத வாட். இரண்டையும் கூட்டி 17 என்று போடாதீர்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் 17.7. ஒரு ஆளுக்கு இரவுச் சாப்பாடு 1,500 பாட் (அந்த ஊர்ப் பணம்) பிளஸ் பிளஸ் என்றால் நிஜ விலை 1,765.50. 180 பேர் என்றால் 2,70,000 என்று எம்டியிடம் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள், பில் 3,17,790க்கு வரும்.

அப்புறம் மினிமம் கேரண்டி. 180 பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 150 பேர் போனாலும் 180 தட்டுக்குத்தான் காசு. நம் ஆட்கள் மத்தியானம் கூட்டம் முடிந்ததும் ஷாப்பிங்கில் கரைந்துவிடுவார்கள் என்பதால் இரவுச் சாப்பாட்டுக்கு நான் எப்போதும் பத்து சதவீதம் குறைத்தே எழுதுவேன். கூட வந்துவிட்டால் ஓட்டலே சமாளிக்கும்.

இன்னொன்று, இதை யாரும் விலைப்பட்டியலில் எழுத மாட்டார்கள். சென்னை விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவைத் தாண்டிக் கிளம்பி விடிகாலையில் அங்கே இறங்குகின்றன, மூன்றரை மணி நேரப் பயணம்தான், நேரமும் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது, அதனால் தூங்கவே நேரமிருக்காது. ஓட்டல் அறை கைக்குக் கிடைப்பது மதியம் இரண்டு மணிக்கு. காலை ஏழிலிருந்து இரண்டு வரை 180 பேர் பல் தேய்க்காமல் லாபியில் உட்கார்ந்திருக்கிற காட்சியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். முந்தின ராத்திரிக்கும் அறைக்குப் பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் நாற்பது அறையாவது சீக்கிரம் தருவதாக எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது.

கம்பெனிதான் பாங்காக் கூட்டிப்போனது, நான் ஒரு பைசா செலவழிக்கவில்லை. ஆனால் என் கணக்கில் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். இது என்ன நியாயம்?
சிமென்ட் டீலர், கரூர்

2022 ஜூலை முதல் வந்த விதி இது. வியாபாரத்தில் உங்களுக்குப் பணமாகவோ பொருளாகவோ ஒரு கம்பெனி கொடுக்கும் சலுகை வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கவேண்டும். 194ஆர் பிரிவு என்று சொல்வார்கள், புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் மாறியிருக்கிறது.

இங்கேதான் மீட்டிங்கா டூரா என்ற கேள்வி நிஜமாகவே வருகிறது, வருமான வரித்துறையே கேட்கிறது. புதுப் பொருளை அறிமுகப்படுத்த, எப்படி விற்பது என்று சொல்லித்தர, டீலர்களின் குறை கேட்க நடந்த மாநாடு என்றால் அந்தச் செலவு சலுகை ஆகாது. ஆனால் டார்கெட் அடித்தவர்களை மட்டும் பொறுக்கிக் கூட்டிப்போனால் அது பரிசு, வரி உண்டு. மனைவி, பிள்ளைகள் செலவு எப்படியும் சலுகைதான். மாநாட்டுக்கு முந்தின ஒரு நாளும் முடிந்த மறுநாளும் மட்டும் சும்மா விடுகிறார்கள், அதற்கு மேல் தங்கி பட்டாயா போனால் அது கணக்கில் வரும். உங்கள் கம்பெனி எந்த வகையில் போட்டது என்று கேளுங்கள், பிடித்த பணம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் எடுத்துக்கொடுப்பார். சலுகையின் மதிப்பை வருமானமாகக் காட்டவும் சொல்வார், அப்போது அவர்மேல் கோபப்படாதீர்கள்.

பாங்காக் உணவுக் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறோம். முறுக்கு, ஊறுகாய் சாம்பிளும், பேக்கிங் மெஷின் ஒன்றும் கொண்டு போகவேண்டும். சுங்கத்தில் எப்படி?
சிறு தொழில் முனைவோர், விருதுநகர்

மே மாதம் இம்பாக்டில் நடக்கிற தாய்ஃபெக்ஸ் என்று நினைக்கிறேன். மெஷினுக்கும் முறுக்குக்கும் வழி வேறு வேறு.

மெஷினுக்கு ஏடிஏ கார்னே வாங்குங்கள். பொருளுக்குக் கொடுக்கிற பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், வரி கட்டாமல் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். இந்தியாவில் ஃபிக்கி என்கிற வர்த்தகச் சபைகளின் கூட்டமைப்பு கொடுக்கிறது, ஒரு வருடம் செல்லும், உத்தரவாதத் தொகை கட்டவேண்டும். நாலு இடத்தில் முத்திரை விழவேண்டும்: இங்கிருந்து புறப்படும்போது, அங்கே நுழையும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, இங்கே திரும்பும்போது. கடைசி நாள் ஸ்டாலைப் பிரித்துப்போட்டு அரக்கப்பரக்க விமான நிலையம் ஓடுகிற அவசரத்தில் மூன்றாவது முத்திரையைத்தான் எல்லாரும் மறப்பார்கள். மறந்தால் மெஷின் தாய்லாந்திலேயே இருப்பதாகக் கணக்கு, வரி கேட்டு ஓலை வரும். யாராவது நல்ல விலை சொன்னாலும் அந்த மெஷினையே விற்றுவிடாதீர்கள், ஆர்டர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முறுக்கு தின்று தீர்கிற பொருள், அதற்கு கார்னே கிடையாது. கண்காட்சிக்கென்று ஓர் அதிகாரபூர்வ சரக்கு முகவர் இருப்பார், அவர் வழியாக இரண்டு மாதம் முன்பே பேசி அனுப்புங்கள். சூட்கேஸில் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோகலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஊறுகாய் ஒழுகினால் சுங்கம்கூடத் தேவையில்லை, துணியே போய்விடும்.

விசா வேண்டாமாமே? அப்படியானால் நம் சமையல்காரர் நாலு பேரையும் ஒரு பாட்டுக் கச்சேரி குழுவையும் டூரிஸ்ட் மாதிரியே கூட்டிப்போய்விடலாமா?
விழா ஏற்பாட்டாளர், சேலம்

கூட்டிப்போகலாம், வேலை வாங்கக்கூடாது. இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் 30 நாள் விசா விலக்கு வந்தது, 2024 ஜூலையில் அதை 60 நாள் ஆக்கினார்கள். இந்த விதியை அவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள், அதனால் டிக்கெட் போடுகிற அன்று தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் உட்கார, கண்காட்சி பார்க்கப் போகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு சமைப்பது, மேடையில் பாடுவது, ஒலி ஒளி அமைப்பது எல்லாம் அவர்கள் சட்டத்தில் வேலை, அதற்கு வேலை அனுமதி வேண்டும். அங்கே இருக்கிற ஏற்பாட்டு நிறுவனத்தை விட்டு முன்கூட்டியே வாங்குங்கள், அல்லது அங்கேயே இருக்கிற இந்தியச் சமையல்காரர்களை வையுங்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2025 மே முதல் எல்லாரும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும், இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள். அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் போலி, மூடிவிடுங்கள்.

மேடையில் மிமிக்ரி, ஜோக் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நாட்டு அரசர் குடும்பம் பற்றி விளையாட்டுக்குக்கூட வாய் திறக்காதீர்கள். ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 வருடம் வரை சிறை.

எந்த மாதம் நல்லது?
மாணவர், மேலாண்மைப் படிப்பு, சென்னை

நவம்பர், டிசம்பர். வெயில் தாங்கும், விலை தாங்காது. ஜனவரி முதல் மார்ச் வரை தூசுப் புகை, 2025 ஜனவரியில் அதற்காக நூற்றுக்கணக்கான பள்ளிகளை மூடினார்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்கிரான், ஊரே தண்ணீர்த் துப்பாக்கியோடு தெருவில் நிற்கும், அன்று கோட் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறவர் நனைந்துதான் போகவேண்டும். செப்டம்பர், அக்டோபர் மழை. விலை குறைவு என்று ஜூன், ஜூலையில் நான் நிறையக் கூட்டம் நடத்தியிருக்கிறேன், சாயங்காலம் ஒரு மழை கொட்டும், நாம் பால்ரூமுக்குள் இருந்தால் தெரியவே தெரியாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? எங்கள் குழுவில் 40 பேர் சுத்த சைவம், 6 பேர் பூண்டு வெங்காயம்கூடச் சாப்பிடாதவர்கள்.
ஜவுளி ஏற்றுமதியாளர், ஈரோடு

கிடைக்கும், சொல்லுகிற விதத்தில் சொன்னால். நாம் வெஜிடேரியன் என்றால் அவர்கள் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாஸ் ஊற்றுவார்கள், ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, நமக்கு உப்பு மாதிரி அவர்களுக்கு அது. ஓட்டலுக்கு எழுதும்போது மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது மூன்றும் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். உங்கள் ஆறு பேருக்கு ஒரு நல்ல செய்தி, அங்கே 'ஜே' என்று ஒரு மரபு இருக்கிறது, சீன வழியில் வந்த நோன்புச் சாப்பாடு, அதில் மாமிசத்தோடு பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை கண்ணில் பட்டால் நம்பி உள்ளே போகலாம்.

பெரிய ஓட்டல்களுக்கு இந்தியக் கூட்டம் பழக்கம். பருப்பும் பனீரும் செய்துவிடுவார்கள், அது வடநாட்டுச் சமையல். நம் ஆட்கள் இரண்டாம் நாள் ராத்திரியே ரசம் கேட்பார்கள். ஒரு ஓட்டலில் ரசத்தை முதல் அயிட்டமாக, கிண்ணத்தில் ஸ்பூன் போட்டு, மேலே ஒரு துளசி இலை மிதக்கவிட்டு, ஆளுக்கு ஒரு பிரெட்டோடு வைத்தார்கள். சூப் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். எங்கள் ஆட்களும் மரியாதைக்குக் குடித்துவிட்டு, சோறு வந்தபோது ரசம் எங்கே என்று தேடினார்கள்.

வெளியிலிருந்து இந்தியச் சாப்பாடு வரவழைத்தால் ஓட்டல் அதற்குத் தனியாகக் கட்டணம் போடும், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு டீலர். கணவர் இறந்த பிறகு கடையை நான்தான் நடத்துகிறேன், இந்த முறை டார்கெட்டும் தாண்டிவிட்டேன். கம்பெனி பாங்காக் அழைக்கிறது. சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள், 'அங்கே பொம்பளைக்கு என்ன வேலை' என்கிறார்கள். போகலாமா?
ஹார்டுவேர் கடை உரிமையாளர், தஞ்சாவூர் மாவட்டம்

போங்கம்மா. டார்கெட் தாண்டினது நீங்கள். சிரிக்கிறவர்கள் தாண்டியிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், அவர்கள் சிரிக்கிற தெருக்கள் அங்கே இருக்கின்றன, ஒளிந்தும் இல்லை. அசோக், நானா, சிலோம் பக்கத்து மாநாட்டு ஓட்டல்களிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அதே நடைபாதையில் ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் முடிந்து வீடு போகிற பெண்கள் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவதையும் பார்ப்பீர்கள். கடைகளில், சந்தையில், ஓட்டல் விற்பனைப் பிரிவில் என்னோடு பேரம் பேசினவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், பேரத்தில் அவர்களிடம் நான் ஜெயித்ததாக ஞாபகம் இல்லை. ரயிலில் தனியாகப் போக பயப்பட வேண்டாம். டாக்சியில் ஏறினால் மீட்டர் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் 35 பாட் என்று ஆரம்பிக்கும்.

கம்பெனியிடம் மூன்று விஷயம் முன்கூட்டியே கேளுங்கள். தனி அறையா, இல்லை வேறு பெண் டீலரோடு பகிர்வா. இரண்டாம் நாள் சாயங்காலம் 'ஃப்ரீ டைம்' என்று போட்டிருக்கிறார்களே, அப்போது ஆண்கள் தங்கள் வழியில் போய்விட்டால் மற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு. ராத்திரி உதவிக்கு எந்த எண்ணுக்கு அழைப்பது. இந்த ஃப்ரீ டைம் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்துப் பெண்கள் வந்திருக்கிற குழுவிலும் ஏற்பாட்டாளர்கள் அந்தப் பொழுதை ஆண்களை நினைத்தே வெறுமையாக விடுகிறார்கள், பெண்கள் அறையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான், ஒரு டீலர் அம்மா நேரில் கேட்டபிறகுதான் உறைத்தது.

கூட்டம் முடிந்து அரை நாள் கிடைக்கும். என்ன பார்ப்பது?
தமிழாசிரியர் (மகனோடு போகிறார்), கும்பகோணம்

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் எல்லாருக்கும் சொல்கிற அரண்மனையையும் படுத்த புத்தரையும் விட்டுவிடுகிறேன். சாவோ சிங் சா என்கிற பெரிய ஊஞ்சலைப் பாருங்கள், சிவப்பு மரத்தூண்கள் இரண்டு வானத்துக்கு நிற்கும். ஊஞ்சலாட்டம் 1935லேயே நின்றுவிட்டது. பக்கத்தில் தேவஸ்தான் என்கிற பிராமணர் கோயில். மார்கழி, தை ஒட்டி அரசவைப் பிராமணர்கள் நடத்துகிற சடங்குக்குப் பெயர் திரியம்பவாய் திரிபவாய். திருவெம்பாவை, திருப்பாவை! பாட்டும் உச்சரிப்பு தேய்ந்துபோய் இன்னும் அங்கே ஓதப்படுகிறது, பொருள் ஓதுகிறவர்களுக்குத் தெரியாது.

அப்புறம் சிலோம் சாலையில் மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பியது. தாய்லாந்துக்காரர்கள் வாட் கேக் என்பார்கள். வாசலில் சாமந்தி மாலை வாங்கிக் கும்பிடுகிற கூட்டத்தில் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம். விஜயதசமி அன்று அம்மன் ஊர்வலத்துக்காகச் சிலோம் சாலையையே மூடிவிடுவார்கள். ஏற்பாட்டாளர்கள் கவனிக்க, அன்று சிலோமில் ஓட்டல் போட்டுவிட்டு பஸ் வரவில்லை என்று நிற்கவேண்டாம்.

மண்டபத்தில் என்ன உடை?
பலர்

கோட் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் முழுக்கைச் சட்டை. எதுவானாலும் உள்ளே ஒரு ஸ்வெட்டர். வெளியே 35 டிகிரி, உள்ளே ஏசி ஊட்டி.

டீலர்களுக்கு நினைவுப் பரிசாக புத்தர் தலைச் சிலை 180 வாங்கலாம் என்று இருக்கிறோம். அங்கே மொத்த விலைக்குக் கிடைக்குமா?
விளம்பரப் பிரிவு, சென்னை

வேண்டாம். புத்தர் சிலையை நாட்டை விட்டு எடுத்துப்போகக் கலைத் துறையின் அனுமதி வேண்டும், அது ஒரு பக்கம். புத்தர் அலங்காரப் பொருள் அல்ல என்று அங்கே பெரிய பெரிய விளம்பரப் பலகையே வைத்திருக்கிறார்கள், 180 தலையை அட்டைப் பெட்டியில் அடுக்கி ஓட்டல் லாபியில் வைத்தால் அங்கே வேலை செய்கிறவர்கள் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது, சிரித்துக்கொண்டேதான் இருப்பார்கள், ஆனால் மனசுக்குள் வெட்டிவிடுவார்கள்.

மர யானை வாங்குங்கள். சின்னதாக, தும்பிக்கை உடம்போடு ஒட்டினபடி செதுக்கினதாகப் பார்த்து. தூக்கின தும்பிக்கை லக்கேஜில் உடைந்துவிடும், நான் அறுபது ஒட்டியிருக்கிறேன்.